வெள்ளை மாத்திரையும் மஞ்சள் மாத்திரையும்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். அப்பா நலமாக இருக்கிறார். இந்த வரியை இன்னொரு முறை படித்துவிட்டு மேலே போ. ஜன்னலோரம் உட்கார்ந்து, பால் ஆறிப்போய்விட்டது என்று உன் அண்ணியிடம் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் நீ போனில் கேட்டபோது, 'சும்மா வயிற்று எரிச்சல்' என்று சொல்லிவிட்டேன். உண்மையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுதான் பேசினேன். அவர் வீடு திரும்பிய பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

சந்தைமுனை மருந்துக்கடையில் ஒரு மருந்தாளர் அம்மா இருக்கிறார். தெருவில் அவருக்குக் கேள்விக்காரம்மா என்று பெயர். தலைவலி மாத்திரை கேட்டால்கூட, யாருக்கு, என்ன வயது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்காமல் கொடுக்க மாட்டார். அதற்குப் பயந்தே நான் எதிர்க்கடைக்குப் போவேன். அன்றைக்கு எதிர்க்கடை பூட்டியிருந்தது.

அப்பாவுக்கு நெஞ்சுக்குக் கீழே எரிச்சல். வழக்கமான இளஞ்சிவப்பு மருந்து ஒரு பாட்டில் கேட்டேன். எடுத்தவர் கையிலேயே வைத்துக்கொண்டார். "இது எத்தனாவது பாட்டில்?" மூன்றாவது என்றேன். "வேற என்ன மாத்திரை போகுது?" முட்டிவலிக்கு ஒன்று, அவ்வளவுதான் என்றேன். பின்னால் நின்றவர் பொறுமையிழந்து, "மருந்து குடுக்கறீங்களா, இல்ல பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா?" என்றார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "மாப்பிள்ளைன்னா இன்னும் நிறைய கேப்பேன், கொஞ்சம் பொறுங்க" என்றார்.

பிறகு என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "அப்பாவுக்கு வெளிக்குப் போறது கறுப்பா இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே வீட்டுக்குப் போன் செய்யச் சொன்னார். இதெல்லாம் மருமகள் கேட்கிற கேள்வியா என்று அப்பா முதலில் உன் அண்ணியிடம் சீறினாராம். பிறகு, நாலைந்து நாளாகத் தார் மாதிரி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாராம்.

அந்த அம்மா பாட்டிலை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டார். "இதைக் குடிச்சா எரிச்சல் அடங்கும், உள்ள ரத்தம் கசியறது நிக்காது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுல இருக்கற மாத்திரை அத்தனையும் பையில போட்டு எடுத்துக்கங்க."

அந்தப் பையில் நான் வாங்கிய வெள்ளை மாத்திரை இருந்தது. அதே முட்டிவலிக்கு நீ தபாலில் அனுப்பிய மஞ்சள் மாத்திரையும் இருந்தது. இரண்டும் ஒரே வலி மருந்துதான், கம்பெனிப் பெயர்தான் வேறு என்று டாக்டர் சொன்னார். ஏன் இரண்டையும் விழுங்கினீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன். "வெள்ளை பையன் வாங்கினது, மஞ்சள் பொண்ணு அனுப்பினது. ஒண்ணை விட்டா ஒருத்தர் மனசு கஷ்டப்படுமே" என்றார்.

வலி மருந்து இரட்டிப்பாகப் போனதில் இரைப்பையில் புண், ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. இன்னும் இரண்டு நாள் அந்த இளஞ்சிவப்பு மருந்தையே குடித்துக்கொண்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அப்பாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நீ இதற்காக அழாதே. என்ன மாத்திரை அனுப்புகிறாய் என்று நானும்தான் உன்னிடம் கேட்கவில்லை.

வீடு வந்ததும் நன்றி சொல்லக் கடைக்குப் போனேன். "நன்றி இருக்கட்டும், மிச்ச மாத்திரை எங்க?" என்றார். வாங்கித் தனியே எடுத்து வைத்தார். புது மருந்துகளைக் காலை, இரவு என்று பிரித்துக் கொடுத்தார். இனிமேல் சளிக்கு மாத்திரை வாங்கினாலும் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்றார். பின்னால் யாரோ 'உச்' கொட்டினார்கள். "கேக்கட்டும் விடுங்க, எங்கப்பா இருக்கறதே இவங்க கேட்டதாலதான்" என்றேன். அந்த அம்மா காதில் வாங்காதவர்போல் அடுத்தவரிடம், "யாருக்கு, என்ன வயசு?" என்று ஆரம்பித்துவிட்டார்.

கிளம்பும்போது என்னிடம் கடைசியாக ஒன்று கேட்டார். "அவ்வளவு தூரத்துலேருந்து மாத்திரை வருது, பொண்ணு எப்ப வருது?"

அவருடைய மற்றக் கேள்விகளுக்கெல்லாம் எப்படியோ பதில் சொல்லிவிட்டேன். இதை மட்டும் உனக்கே அனுப்புகிறேன். மஞ்சள் மாத்திரை வந்த காலி அட்டைப்பெட்டியை அப்பா தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். அதில் உன் கையெழுத்து இருக்கிறதாம்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். இனி மாத்திரை அனுப்பாதேம்மா. நீ வா.

உன் அண்ணன்