படத்தில் கை மாறியது

பம்பாய், 1943

அன்புள்ள தனத்துக்கு, நான் சுகம். உன் கால் சேற்றுப்புண் ஆறியதா?

எங்கள் குண்டுத் தொழிற்சாலையை வரைய ஒரு மதராஸ் ஓவியர் வந்திருக்கிறார். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறித் திராவகத்தில் போடுகிறார். கீறிய இடம் மட்டும் பள்ளமாகிறது. அதில் மை அடைத்துக் காகிதத்தை அழுத்தினால், புகைபோக்கியும் கடைசல் இயந்திரமும் நானும் இடவலம் மாறி விழுகிறோம்.

"ஏன் சார், என்னப் பீச்சாங்கைக்காரனா ஆக்கிட்டீங்க?" என்றேன்.

"அச்சு அப்படித்தான் விழும் தம்பி."

தணிக்கை அதிகாரி முத்திரை போட்டதும் ஒரு பிரதி அனுப்புகிறேன். அதில் கட்டுப் போட்டிருக்கும் கை இடது, நிஜத்தில் வலது. கடைசலில் சீவி விழுந்த சூடான இரும்புச் சுருள் பட்டுவிட்டது. விரல்கள் மடங்குகின்றன. எழுத்துக் கோணலுக்கு அதுதான் காரணம். அம்மாவிடம் சொல்லாதே.

பெரம்பலூர் போனால் பருப்புப்பொடி பார்சல் போடு. கரண்டியால்தான் சாப்பிடுகிறேன், பிசையாத சோறு தொண்டையில் இறங்கவில்லை. வேலைக்குச் சங்கு ஊதிவிட்டார்கள்.

சின்னதுரை