வரிசையில் முதல் சட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

ராயபுரத்திலிருந்து ஜெபின். நான் சுகம். உங்க மூட்டுவலி எப்படி இருக்கு? தைலத்தை மிச்சம் பிடிக்காதீங்க.

துறைமுகத்துல விக்காம மிஞ்சுற மீனை அரசுப் பணத்துல வாங்கி, சடையங்குப்பத்துல இல்லாதவங்களுக்குச் சும்மா கொடுக்கிறோம். ஜனங்க காலையிலேயே சட்டியை வரிசையா வச்சு இடம் பிடிப்பாங்க. போன வாரம் முதல் சட்டியை நிரப்பினேன்.

"அது அஜீசாக்கா சட்டி நைனா. வெள்ளத்துல செத்துப் பூட்டாங்க. அவங்க எடத்த எடுக்க மன்சு வர்ல, அதான் வச்சிகினு கீறோம்"னு வரிசையில பின்னால நின்ன ரூபினான்னு ஒருத்தங்க சொன்னாங்க. போட்ட மீனைத் திருப்பி எடுக்க எனக்குக் கை வரலை. அப்படியே விட்டுட்டு வந்தேன்.

முந்தாநாள் மறுபடி போனோம். அதே சட்டி, அதே முதல் இடம். பளிச்சுனு கழுவி, உள்ளே ஒரு பிடி அரிசி. இரவல் பாத்திரத்தை வெறுமனே திருப்பாம நீங்க ஏதாவது போட்டுக் கொடுப்பீங்களே, அது மாதிரி. அரிசி நனைஞ்சு, சேத்து வாசம் அடிச்சது. நாங்க போடலைன்னு எல்லாரும் சொல்றாங்க. யாரோ விளையாடியிருப்பாங்க, பயப்படாதீங்க.

கொஞ்சம் குடம்புளி அனுப்புங்க. உங்க கையால இடிச்ச மிளகாப்பொடியும். வண்டிக்காரர் ஹார்ன் அடிக்கிறார், கிளம்புறேன்.

அந்த அரிசியைக் காயவச்சுப் பொங்கிச் சாப்பிட்டேன் அம்மா. இந்த ஊருக்கு வந்து எனக்குன்னு ஒருத்தர் கொடுத்தது அது ஒண்ணுதான்.

உங்க மகன்,
ஜெபின்