அழியாத மரபணு

கிடர்பூர், 1983

அப்பா,

இப்படிக் கூப்பிடக் கூடாது என்று டாகுரியாவில் உங்கள் வீட்டு வாசலில் வைத்துச் சொன்னீர்கள். உங்கள் மனைவியிடம், "நம்ம ஊர்ப் பொண்ணு, ரத்த ஆராய்ச்சி பண்ணுது" என்று என்னைக் காட்டினீர்கள். ஓட்டலில் மாவாட்டி என்னைப் படிக்க வைத்த அம்மாவின் பெயரே அங்கு வரவில்லை.

உங்கள் மகனின் தலசீமியா ரத்த நோய்க்கு மருந்து கேட்டீர்கள். சொல்கிறேன். கருவில் நமக்கெல்லாம் வேறொரு ஹீமோகுளோபின் ஓடியது. பிறந்தபின் அதன் மரபணுமேல் மீதைல் என்ற வேதித் துணுக்குகள் ஒட்டி, அதை ஊமையாக்கிவிடுகின்றன. மரபணு அழிவதில்லை, அப்படியே உள்ளே இருக்கிறது. வெளிநாட்டில் ஒரு மருந்தால் அந்த மீதைலைக் குறைத்துச் சிலருக்கு அதை மறுபடி வேலை செய்ய வைத்திருக்கிறார்கள். ஆனால் அது நச்சு மருந்து. குழந்தைக்கு அதைக் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

"எல்லாம் இவ வீட்டு ரத்தம்" என்று உங்கள் மனைவியை என் எதிரிலேயே ஏசினீர்கள். பொய். தாய், தகப்பன் இருவரிடமும் குறை இருந்தால்தான் இந்த நோய் வரும். அதையும் அவரிடம் நானே சொல்வேன்.

அவனுக்கு இப்போது வேண்டியது ரத்தம். கொடுக்க வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். ஊசி போடுமுன், நோயாளிக்கு என்ன உறவு என்று நர்ஸ் உரக்கக் கேட்பாள். பக்கத்தில் உங்கள் மனைவி நிற்பார். நீங்களும் நில்லுங்கள்.

நர்ஸுக்காக வங்க மொழியில் ஒருமுறை சொல்வேன். உங்கள் மனைவிக்காகத் தமிழில் ஒருமுறை சொல்வேன்: அக்கா.

இப்படிக்கு,
நீங்கள் வாயடைத்து வைத்திருந்த மூத்த மகள்