காற்று பிரிந்ததாகச் சொன்னேன்

8 ஜூலை 2025, செவ்வாய், காலை 6.10. காற்று பிரிந்த எண்ணிக்கை: 0.

வெளியே புகைமூட்டம். கிள்ளான் ஊர் முழுக்கச் சாம்பல் நிறம்.

அறுவை முடிந்து இரண்டாம் நாள். குடல்வால் வெடித்துவிட்டது. தொப்புளுக்குக் கீழே நெடுக வெட்டி, சீழைக் கழுவி, உலோகப் பின் அடித்து மூடியிருக்கிறார்கள். பதினான்கு பின். எண்ணிவிட்டேன்.

வயிறு லோரி டயர் மாதிரி. இருமினால் உயிர் போகிறது.

டாக்டர் சொன்னது: வயிற்றைத் திறந்தால் குடல் சில நாள் படுத்துவிடும். காற்று பிரிந்தால் எழுந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை சோறு கிடையாது, தண்ணீர் மட்டும், வாய் நனைய.

கிள்ளான் பக்கம் மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் ஐந்து வருடமாக கம்ப்ரசர் பார்க்கிறேன். காற்றை அடைப்பதும் விடுவதும்தான் பிழைப்பு. இப்போது சொந்தக் காற்று வெளியே வரவில்லை.

அம்மாவின் தையல் டேப்பால் அளந்த வயிற்றுச் சுற்றளவு: 91 செ.மீ.

எதிர்க் கட்டிலில் ஜெஞ்சாரோம் ஊர்க்கார அங்கிள். மூக்கில் குழாய். பச்சையாக ஏதோ பைக்குள் இறங்குகிறது.

"என்ன தம்பி, இஞ்சின் இன்னும் ஸ்டார்ட் ஆகலயா?"

"இல்ல அங்கிள். உங்களுக்கு என்ன?"

"இதே கதைதான் லா. குடல் அடச்சிக்கிச்சு. ரெண்டாவது தடவ வெட்டிட்டாங்க."

அதற்குப் பிறகு அந்தப் பையைப் பார்க்காமல் படுக்க முடியவில்லை.

மாலை 5.30. எண்ணிக்கை 0. வார்டின் கடைசி வரை நடந்தது நான்கு தடவை. அம்மா பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினார். "வந்துரும்யா, பயப்படாத." நான் பயப்படவில்லை என்றேன். பொய்.

9 ஜூலை, புதன், காலை 7. எண்ணிக்கை 0. வயிறு 92.

மதியம் 1.15. பானு வந்தாள், அப்பா அம்மாவோடு. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து. எங்கள் கல்யாணத்துக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. அவள் அப்பா என்னைப் பார்ப்பது இது இரண்டாவது தடவை. ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி, இஸ்திரி போட்ட சட்டை, யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"எப்பிடி இருக்கிறீர் தம்பி?"

"பரவால்ல அங்கிள்."

அப்போதுதான் சிஸ்டர் லதா, இரண்டு கட்டில் தள்ளி நின்று, முழு வார்டுக்கும் கேட்கிற மாதிரி: "தம்பி தினேஷ்! காத்து பிரிஞ்சிச்சா? எத்தன தடவ?"

பானு உதட்டைக் கடித்தாள். அவள் அம்மா திராட்சைப் பையை மடியில் வைத்து முடிச்சை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். அவள் அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"பிரிஞ்சிச்சு சிஸ்டர். ரெண்டு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே!" என்றார் ஜெஞ்சாரோம் அங்கிள்.

பேச்சு அதோடு முடிய வேண்டும். அது மட்டும்தான் மனதில். பொய்க்கும் எண்ணிக்கை சொல்லியிருக்கிறேன்.

மாலை 6. கஞ்சி வந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் குடித்தேன்.

கட்டில் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் லதாவின் கையெழுத்து: காற்று, ஆம், 2.

போன மாதம் என் ஷிப்ட் பையன் குமார் கம்ப்ரசர் அறைக்கே போகாமல் எட்டு மணி நேரத்துக்கும் ஒரே அழுத்தம் எழுதி வைத்திருந்தான். எல்லோர் முன்னாலும் கத்தினேன். "ரீடிங் எடுக்காம எழுதுறவன் ஆளக் கொல்லுவான்டா." இவனை வேலையை விட்டு அனுப்பிவிடுங்கள் என்று மேனேஜரிடம் நான்தான் சொன்னேன். அனுப்பிவிட்டார்கள்.

10 ஜூலை, வியாழன், காலை 8.20. எண்ணிக்கை 0. வயிறு 95. தொட்டால் பலகை.

டாக்டர் சுற்றுக்கு வந்தார். சின்ன வயசு, சீனப் பெண், அவசரம். ஆங்கிலத்தில் கேட்டார்: வயிறு இறுக்கமாக இருக்கிறதே, ஆனால் காற்று பிரிந்ததுதானே? உண்மையைச் சொல்ல நல்ல இடம். ஆமாம் என்று தலையாட்டினேன். அப்படியானால் நாளை வீட்டுக்குப் போகலாம் என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

இரண்டு பொய் ஆகிவிட்டது. முதலாவது வெட்கம். இரண்டாவது என்ன? முதலாவதைக் காப்பாற்ற. முட்டாள்.

11.40. விக்கல். நிற்கவில்லை.

மதியம் 2.05. கழிப்பறையில் வாந்தி. காலைக் கஞ்சி அப்படியே.

3.50. மறுபடி வாந்தி. பச்சை. அங்கிளின் பையில் இருக்கும் அதே பச்சை. தண்ணீரை இழுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின் போட்ட இடம் கிழிந்துவிடுமோ என்று ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தேன்.

நாடி நானே எடுத்தது: 118.

அம்மா வீட்டில் எனக்காக இடியப்பம் பிழிந்துகொண்டிருப்பார். பானு செய்தி: "அப்பாவும் வர்றாரு, 5 மணிக்கு. உன்ன அவருக்குப் பிடிச்சிருக்கு போல லா." படித்ததும் இன்னொரு மணி நேரம் பொறுக்கலாம் என்று தோன்றியது. அவர்கள் போன பிறகு சொல்லலாம் என்று.

அங்கிள் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

"தம்பி. நானும் மூணு நாள் சொல்லாமதான் இருந்தேன்."

4.40. செய்ய வேண்டியது:

1. மணியை அழுத்துவது. பானு வரும்வரை காத்திருப்பதில்லை.
2. லதாவிடம்: நேற்று எழுதியது தவறு, 2 இல்லை, 0. வாந்தி இரண்டு, கடைசியில் பச்சை. வயிறு 95. விக்கல் 11.40 முதல்.
3. மூக்கில் குழாய் போட வந்தால் தலையைத் திருப்பக் கூடாது.
4. அம்மாவுக்கு போன்: இடியப்பம் வேண்டாம், உடனே வாங்க.
5. பானுவின் அப்பா கேட்டால் அவர் முகத்தைப் பார்த்து அதே எண்ணைச் சொல்வது.
6. திரும்ப வெட்டுவதானால், அதற்கு முன் குமாரின் நம்பரை பானுவிடம் கொடுத்து, நானும் ரீடிங் இல்லாமல் எண் சொன்னேன் என்று அவனிடம் சொல்லச் சொல்வது.
7. மணி அழுத்தியாகிவிட்டது. செருப்புச் சத்தம். முதல் வார்த்தை: பூஜ்யம்.