அப்பாவின் டிஸ்கில் இடமில்லை

சாங்வொன்
26 செப்டம்பர் 2010

என் அன்பு மகள் சேபொம்முக்கு,

அப்பா நலம். நீயும் உன் அம்மாவும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? வாரா வாரம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நீ முனகுவது இங்கே கேட்கிறது. இங்கிலீஷ் படிக்க உங்களை நியூஸிலாந்துக்கு அனுப்பியது நான்தான். அதற்காக நீ கொரிய எழுத்தை மறந்துபோக விடுவேனா? மாதம் ஒரு கடிதம் என்பது நம் ஒப்பந்தம். போன கடிதத்தில் பிழைகள் கொஞ்சம் அதிகம், அம்மாவிடம் காட்டித் திருத்திக்கொள்.

அறுவடைத் திருநாளுக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போய் முன்னோருக்குப் படையல் வைத்துவிட்டு வந்தேன். பெரியம்மா சோங்பியொன் கொழுக்கட்டை ஒரு டப்பா நிறையக் கட்டிக் கொடுத்தாள். ஒற்றை ஆளாகத் தின்று தீரவில்லை.

இப்போது உன்மேல் ஒரு புகார். கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் சோ உங்கள் லேப்டாப்பையும் என் கம்ப்யூட்டரையும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார் அல்லவா? நீ அங்கே ஒரு படம் போட்டால் மறுநாள் இங்கே வந்து நிற்கிறது. ஞாயிறுதோறும் துணி துவைத்த கையோடு எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் நகல் எடுத்து வைக்கிறேன். கம்ப்யூட்டர் கெட்டாலும் நீங்கள் இருவரும் கெடாமல் இருக்க வேண்டும் என்றுதான். போன ஞாயிறு அந்த டிஸ்க் 'இடமில்லை' என்று சொல்லிவிட்டது. எல்லாம் உன் நெட்பால் வீடியோக்களும் அந்த ஆடும்தான். ஒரே ஆட்டை எதற்கு இத்தனை கோணத்தில் எடுக்கிறாய்? அது என்ன சினிமா நடிகையா?

நம் அபார்ட்மென்டில் வாடகைக்கு இருப்பவர்களிடம் ஜனவரியோடு காலி செய்யச் சொல்லிவிட்டேன். பிப்ரவரியில் அங்கே படிப்பை முடித்துக்கொண்டு நீங்கள் வந்து இறங்கினால் இந்த ஒற்றை அறையில் மூவரும் கால் நீட்ட முடியாது.

அன்புடன்,
அப்பா

கிறைஸ்ட்சர்ச்
10 அக்டோபர் 2010

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். ஆட்டை மட்டும் அழித்துவிடாதீர்கள்! அதன் பெயர் புட்டிங். என் தோழி வீட்டு ஆடு, நான்தான் புட்டிப்பால் கொடுத்தேன். வீடியோக்களையும் அழிக்காதீர்கள், அதில் நான் கோல் போடுகிறேன். நீங்கள் வந்து பார்க்கவில்லை, வீடியோவிலாவது பாருங்கள்.

புது டிஸ்க் வாங்கினால் என்ன? அம்மாவிடம் சொன்னேன். "உங்கப்பாவா? கிழிஞ்ச சாக்ஸையே ரெண்டு குளிர்காலம் ஓட்டுவாரு" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

நேற்று அம்மா ஒரு ஹைஸ்கூலைப் பார்க்கப் போனாள். சும்மா பார்க்கத்தான் என்றாள்.

இந்தக் கடிதத்தில் பிழை குறைவு. கவனித்தீர்களா?

உங்கள் மகள்,
சேபொம்

சாங்வொன்
31 அக்டோபர் 2010

என் அன்பு சேபொம்முக்கு,

கவனித்தேன். மெச்சினேன். பக்கத்து மேஜைக்காரரிடமும் காட்டினேன்.

அவருக்குக் கிண்டல் அதிகம். எங்களைப் போலக் குடும்பத்தை வெளிநாட்டில் விட்டுவிட்டு, எப்போதாவது பறந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களைக் காட்டுவாத்து என்பார்கள் அல்லவா? நான் இரண்டு வருஷமாக விமானம் ஏறவில்லை. "என்னப்பா மின், நீ வாத்து இல்லப்பா. பறக்கவே தெரியாத பென்குயின்!" என்கிறார். பரவாயில்லை, பென்குயின் நல்ல பிராணிதான்.

நல்ல செய்தி. டிஸ்க் பிரச்சினை தீர்ந்தது. சோவிடம் கேட்டேன். "ரொம்பிடுச்சுன்னா பெருசா ஒண்ணு வாங்குங்க சார். இல்லன்னா வேண்டாததை அழிங்க" என்றார். வேண்டாதது எது என்று தேட உட்கார்ந்தேன். உன் அம்மா சிரிக்கும் படத்தை அழிக்க முடியுமா? நீ பல் விழுந்து நிற்கும் படத்தை? ஆட்டைக்கூடத் தொட மனம் வரவில்லை, பெயர் வைத்துவிட்டாயே.

கடைசியில் பார்த்தால் நிறையப் படங்களில் நான் நிற்கிறேன். என் முகம் எனக்கு எதற்கு? தினமும் சவரம் செய்யும்போது பார்த்துச் சலித்த முகம்தான். உங்களுக்கு வேண்டுமென்றால் உங்கள் லேப்டாப்பில் எல்லாம் இருக்கிறது. உன் பள்ளியின் முதல் நாள், சைக்கிள் பழகிய வீடியோக்கள், ஜின்ஹேயில் செர்ரிப் பூ பார்த்தது என்று நான் தலைகாட்டிய அத்தனையையும் அழித்தேன். கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். டிஸ்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக நகல் எடுத்தேன். இப்போது பாதி டிஸ்க் காலி! இனி நீ ஒரு மந்தையையே அனுப்பலாம்.

அன்புடன்,
அப்பா

கிறைஸ்ட்சர்ச்
7 நவம்பர் 2010

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இன்று போனில் கேட்டிருக்கலாம், ஆனால் அம்மா பக்கத்திலேயே இருந்தாள்.

வகுப்புச் சுவரில் ஒட்ட எல்லோரும் குடும்பப் படம் கொண்டுவர வேண்டும். செர்ரிப் பூ மரத்தடியில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பீர்களே, அந்தப் படத்தைத் தேடினேன். இல்லை. வேறு தேடினேன். அப்பா, லேப்டாப்பில் நீங்கள் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. அம்மாவும் நானும் மட்டும்தான் இருக்கிறோம்.

அம்மா வந்து பார்த்தாள். "கோவத்துல தன்னைத்தானே வெட்டி எடுத்துக்கிட்டாரு பாரு. அன்னைக்குப் போன்ல ஹைஸ்கூல் பேச்சை எடுத்தேன்ல, அதான். வாயைத் திறந்து சொல்ல மாட்டாரே அந்த மனுஷன்" என்றாள். பிறகு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

உங்களுக்கு எங்கள்மேல் கோபமா அப்பா? எனக்குப் பயமாக இருக்கிறது.

சேபொம்

சாங்வொன்
21 நவம்பர் 2010

என் செல்ல மகளே,

இதற்குள் என் கடிதம் வந்திருக்கும், நடந்தது உனக்குப் புரிந்திருக்கும். கோபம் இல்லையம்மா. எனக்கு உங்கள்மேல் என்ன கோபம்? என் மடத்தனம்தான்.

உன் கடிதத்தைப் படித்ததும் சோவிடம் ஓடினேன். "ஐயோ சார், அது பேக்கப் இல்ல. ரெண்டு மெஷினும் ஒண்ணு மாதிரி. இங்க சேர்த்தா அங்க சேரும், இங்க அழிச்சா அங்கயும் போயிடும். சொன்னேனே சார்!" என்றார். சொல்லியிருப்பார். அன்றைக்கு நீங்கள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள், என் காதில் எதுவும் விழுந்திருக்காது. டிஸ்கிலாவது இருக்குமா என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். துடைத்து, மேலேயே மறுபடி எழுதிவிட்டதால் ஒன்றும் கிடைக்கவில்லை. சைக்கிள் வீடியோ ஒன்று பாதி வந்தது. அதில் சக்கரம் மட்டும் தெரிகிறது.

உன் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு. அவளை நோகடிக்கச் செய்ததல்ல இது. இடம் போதவில்லை என்றால் நான் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்வேன், அவ்வளவுதான். நீங்கள் போனபோது வீட்டை வாடகைக்கு விட்டேன், நான் அறைக்கு வந்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அதே பழக்கத்தில் கை தானாகவே இதையும் செய்துவிட்டது.

சேபொம், இங்கே ரொம்ப அமைதியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நகல் எடுக்கும்போது டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே சில நாள் இரண்டாம் தடவையும் எடுக்கிறேன். உங்களிடம் இதையெல்லாம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

படம் போனால் போகட்டும், ஆள் இருக்கிறேனே. பிப்ரவரியில் வாருங்கள். விமான நிலையத்திலேயே ஒரு படம் எடுத்துக்கொள்வோம். நான் நடுவில் நிற்கிறேன்.

அப்பா

கிறைஸ்ட்சர்ச்
12 டிசம்பர் 2010

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. அம்மா வாங்கித் தானே படித்தாள். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்" என்றாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்பா, நான் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா போனில் சொல்கிறேன் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். போனில் சொன்னால் நீங்கள் உடனே "சரி சரி, நல்லதுதானே" என்று சொல்லிவிடுவீர்கள். அப்புறம் உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. இங்கே ஹைஸ்கூலில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவளை மட்டும் குறை சொல்லாதீர்கள், எனக்கும் இங்கேயே படிக்கத்தான் ஆசை. அங்கே வந்தால் பரீட்சைகளில் நான் எல்லோருக்கும் பின்னால் நிற்பேன். அதனால் பிப்ரவரியில் நாங்கள் வரவில்லை. வீட்டில் இருப்பவர்களைக் காலி செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மன்னித்துவிடுங்கள் அப்பா.

படம் இல்லையென்றால் வரைந்து கொண்டுவா என்று ஆசிரியை சொன்னார். நான் நன்றாகத்தான் வரைவேன். உங்கள் கண்ணாடி சரியாக வந்தது, கம்பெனிச் சட்டையும் வந்தது. தலைமுடியில் நின்றுவிட்டேன். வகிடு இடப்பக்கமா, வலப்பக்கமா என்று தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுத் தன் தலையில் விரலால் இந்தப் பக்கம் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். "நீயே எழுதிக் கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

பள்ளி மூடும் முன் கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் உங்களுக்கு ஒரு தொப்பி வரைந்து ஒட்டிவிட்டேன். எந்தப் பக்கம் என்று எழுதுங்கள் அப்பா, படம் என் கைக்குத் திரும்பி வந்ததும் மாற்றிவிடுகிறேன்.

உங்கள் மகள்,
சேபொம்