நீ தூக்கிய கை

இன்று காலை பயிற்சி அறையில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வந்த ஷூ பெட்டிகளைப் பிரித்தேன். அந்த ரப்பர் வாசனை வந்ததும் நீயும் கூடவே வந்துவிட்டாய். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது என்று என் மூக்குக்கு யார் சொல்வது?

ஒசூரில் இந்தக் கம்பெனியில் நாம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளும் இதே வாசனைதான். உனக்கு ஊர் வேப்பனப்பள்ளி, எனக்குத் தேன்கனிக்கோட்டை. அன்றுதான் பழக்கம். பிரஸ் மெஷினைப் பற்றிப் பாதி இங்கிலீஷிலும் பாதி கன்னடத்திலும் ஒரு மணி நேரம் பேசிய அதிகாரி, "புரியாதவங்க கை தூக்குங்க" என்றார். அத்தனை பேரில் நீ ஒருத்திதான் தூக்கினாய்.

"உனக்கு ஒருத்திக்காக மறுபடியும் சொல்லணுமா?"

"சொல்லுங்க சார். மிசின்ல மாட்டுனா என் கைதானே போவும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் எரிச்சலோடு மறுபடி சொன்னபோதுதான், மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரிந்தது. ஆனால் புரியாதவள் என்று உன்னைப் பேக்கிங்கில் போட்டார்கள், என்னை மெஷினில். மெஷினுக்குப் போனவர்களைத்தான் பிறகு நிரந்தரமாக்கினார்கள். நீ கடைசிவரை கான்ட்ராக்ட்டிலேயே இருந்தாய்.

அன்று சாயங்காலம் கம்பெனி கேட்டுக்கு வெளியே டீ குடிக்கும்போது கேட்டாய்: "ஏன்டி, நெசமா உனக்கு அப்பவே புரிஞ்சிடுச்சா?"

"ம்" என்றேன்.

"கெட்டிக்காரிடி நீ!"

நம்பியதோடு விட்டாயா? பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாய். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி தர ஆள் தேடியபோது, மேலாளரிடம் போய், "இவளப் போடுங்க சார், மொத நாளே எல்லாம் புரிஞ்சிகிட்டவ" என்றதும் நீதான். உனக்கு எதற்கடி அந்த வேலை!

இப்போது பயிற்சி பாதி போனிலேயே முடிந்துவிடுகிறது. வீடியோ ஓடும், கீழே 'புரிந்தது' என்ற கட்டத்தைத் தொட்டால் போதும். இன்று சேர்ந்த ஒடிசாப் பெண் இரண்டே நிமிடத்தில் எல்லாவற்றையும் தொட்டுவிட்டாள். புரிந்ததா என்று கேட்டேன். வேகமாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியாததா?

போனை வாங்கி வைத்துவிட்டு, என் அரைகுறை இந்தியில் சொன்னேன்: முதல் நாள் எனக்கும் ஒன்றும் புரியவில்லை, புரிந்ததுபோல் உட்கார்ந்திருந்தேன் என்று. முதலிலிருந்து சொல்லுங்கள் அக்கா என்றாள் அவள். மெஷினுக்குக் கூட்டிப்போய் அந்தப் பொத்தானை அவள் கையாலேயே அழுத்த வைத்தேன்.

அவளிடம் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உன்னோடு பதினாறு வருடம் ஒரே கேன்டீனில் சாப்பிட்டேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும், நர்ஸிடம் "இவ பெரிய கெட்டிக்காரி" என்றாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அன்னிக்கு எனக்கும் புரியலடி.