முளைப்பாரி வீட்டில் மதினி சொன்னது

மதினி,

இங்கே பரிசோதனை அறைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் வினிகர் வாடை வெளியே வருகிறது. ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் பெயரைக் கூப்பிடும்வரை கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

முந்தாநாள் நம் ஊர் சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போனேன். நர்சம்மா பஞ்சில் வினிகரை நனைத்துத் தடவினார். கெட்ட இடம் இருந்தால் வெளுத்துக் காட்டுமாம். வலியெல்லாம் இல்லை, கூச்சம்தான். ஆனால் டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தவர், மறுபடியும் பார்த்தார்.

"ஒரு எடத்துல வெளுத்துருக்குக்கா. இதுவே நோய்னு அர்த்தமில்ல. பெரியாஸ்பத்திரில நல்லாப் பாத்துட்டாத் தெரிஞ்சுரும். தள்ளிப் போட்றாதீக" என்றார்.

தள்ளிப் போடுவதா? உங்களைப் பார்த்த பிறகுமா?

அந்த வருஷம் மிளகாய்ப் பழம் எடுக்கிற பருவத்தில்தான் உங்களுக்கு அது தொடங்கியது. தீட்டு நின்று வருஷக்கணக்கான பிறகு மறுபடியும் ரத்தம். "வெயில்ல நிண்டு பழம் பொறுக்குறோம்ல, சூடுத்தா" என்று சொல்லி, மோரில் வெந்தயத்தைப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தீர்கள். சூடு என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பெண்கள் எந்த நோயையும் மூடிவிடுவார்கள்.

நீங்கள் மூடியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நம் பக்கம் தீட்டு நின்ற பெண்தான், திருவிழாவுக்குப் பயிர் வளர்க்கிற முளைப்பாரி வீட்டுக்குள் போய்த் தண்ணீர் ஊற்றலாம். தீட்டுப் பட்டால் பயிர் வாடும், பயிர் வாடினால் ஊருக்கு ஆகாது என்பார்கள். அந்த இருட்டு வீட்டின் சாவி உங்கள் இடுப்பில் இருந்தது. ஊரில் அண்ணனுக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. அதை விட உங்களுக்கு மனசில்லை.

நீங்கள் தனியாகக் கண்மாய்க்குத் துணி அலசப் போவதைக் கண்டுபிடித்து உங்களோடு சண்டை போட்டேன். மிளகாய் வியாபாரியைப் பார்க்கப் போகிறோம் என்று அண்ணனிடம் பொய் சொல்லி இதே ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தேன். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது ஊரில் முளைப்பாரித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், பரவியும்விட்டது. மதுரைக்குப் போய்க் கதிர்வீச்சு, நம் பேச்சில் கரண்டு, வைக்க வேண்டும் என்றார்கள்.

"தண்ணி ஊத்துறதுல இருந்து வெலகிக்கிருங்க மதினி" என்று கெஞ்சினேன்.

"வெலகுனா ஏன்னு கேப்பாகளே. திருவிழா முடியட்டும்" என்றீர்கள்.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்று எனக்குத்தான் தெரியும். சாயங்காலமானால் முளைப்பாரி வீட்டு வாசலில் பெண்கள் வட்டம் கட்டிக் கும்மி அடிப்பார்கள். எனக்குப் பாட்டும் ஓடாது, தாளமும் ஓடாது. கண் உங்கள் சேலையிலேயே இருக்கும். நீங்கள் குனிந்தால் பகீரென்கும், நிமிர்ந்தால்தான் மூச்சு வரும். உங்கள் பின்னாலேயே நின்று மறைத்துக்கொண்டு அடித்ததில் எத்தனை பேர் காலை மிதித்தேனோ.

கடைசிச் சாயங்காலம் நீங்கள் வட்டத்தின் நடுவில் போய் நின்றீர்கள். கும்மி நின்றது. களைத்துப் போய் உட்காரப் போகிறீர்கள் என்று நினைத்து ஓடி வந்தேன். என் கையைத் தள்ளிவிட்டீர்கள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எனக்கு ரத்தம் போகுது. பழம் எடுத்ததுல இருந்து போகுது. தீட்டு இல்ல, புத்துநோயாம். முத்திப் போச்சாம்."

பூசாரி வீட்டம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினார். "அடிப்பாவி! இதோடயா உள்ள போயித் தண்ணி ஊத்துன?"

நீங்கள் இடுப்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தீர்கள். உள்ளே முளைப்பாரி முழங்கை உயரத்துக்குக் கொழித்து நின்றது. அவ்வளவு நல்ல வளர்ச்சியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"பாருங்க, எதுவும் வாடல. பயிரு வாடிரும்னு பயந்து பயந்து நாந்தான் வாடிட்டேன். ஒங்கள்ல எவளுக்கு என்ன இருந்தாலும் மறைக்காதீக. போயிக் காமிங்க."

அவ்வளவுதான் சொன்னீர்கள். சிலர் உங்களைத் தூற்றிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். விடிந்ததும் முளைப்பாரியைத் தூக்குவதா வேண்டாமா என்று பெரிய பேச்சு நடந்தது. பூசாரி வீட்டம்மாதான் உள்ளே போய், பயிரைத் தடவிப் பார்த்து, அழுதுகொண்டே முதல் முளைப்பாரிச் சட்டியைத் தலையில் வைத்தார். அந்த வருஷம் மழை பெய்ததா என்று கேட்காதீர்கள். வழக்கமாக ஏமாற்றுகிற அளவுக்குத்தான் ஏமாற்றியது. நம் சீமை மழை யார் தீட்டையும் பார்த்து வருவதில்லை.

மதுரையில் கரண்டு வைத்தும் நீங்கள் பிழைக்கவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னபோது அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் என்ன செய்வார் பாவம்.

இன்று காலை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும். தேவிபட்டினத்தில் நவபாஷாண நவக்கிரகத்துக்குப் பரிகாரம் செய்யப் போகிறாளாம். "நீங்க எங்கிட்டு?" என்றாள். தலைவலி என்று சொல்லியிருக்கலாம். முன்சீட்டில் ஆம்பளைகள் வேறு. ஆனாலும் குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன். "கர்ப்பப்பை வாயில வெளுத்துருக்காம். புத்துநோய் வராமப் பாத்துக்கிறப் போறேன்."

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். அவள் என் காதுக்குள் சொன்னாள், தீட்டு நின்ற அவளுக்குக் கொஞ்ச நாளாக மறுபடி ரத்தம் போகிறதாம். கிரகம் சரியில்லை என்று ஜோசியர் சொன்னாராம். நான் உங்களைப் பற்றிச் சொன்னேன். தேவிபட்டினத்தில் கண்டக்டர் கத்தினார். அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எழாமல் இருந்தாள். "சாமி எங்கிட்டும் போயிறாது. வரும்போது எறங்கிக்கிறேன்" என்றாள்.

இப்போது என் பக்கத்தில்தான் இருக்கிறாள். எனக்கு உள்ளே என்ன சொல்வார்களோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது, மதினி. ஆனால் நோய் முற்றுவதற்குள் வந்துவிட்டேன் என்ற தைரியமும் இருக்கிறது. அது நீங்கள் கொடுத்தது.

வராந்தா நிறைய ஆட்கள். சீட்டு எழுதுகிற நர்ஸ் அவளைப் பார்த்து, "ஒங்களுக்கு என்னம்மா செய்யுது?" என்று கேட்கிறார். அவள் என்னைப் பார்க்கிறாள்.

"ரத்தம் போகுதுங்க" என்கிறாள், எல்லாருக்கும் கேட்கும்படி.